ஹெலிகாப்டரும் மலைக் கம்பியும்

உத்தராகண்ட் ராஜ்யத்தில், உத்தரகாசி ஜில்லாவின் மேற்குக் கோடியில், ஹிமாசலப் பிரதேச எல்லையை ஒட்டி ஆராகோட் என்றொரு மலைச் சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஆப்பிள் தோட்டங்களை நம்பி வாழ்கின்றவை. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி அங்கே பெய்த பேய்மழையில் மலையோடைகள் கரைபுரண்டன, வீடுகள் சரிந்தன, பாலங்களும் பாதைகளும் அடித்துச் செல்லப்பட்டன, பலர் மாண்டனர். உயிரோடு எஞ்சியவர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு சேர்க்க ஆகாய மார்க்கம் ஒன்றே மிஞ்சியிருந்தது. சர்க்கார் ஹெலிகாப்டர்களை அனுப்பினர். அனுப்பியது முற்றிலும் நியாயமே.

மூன்றாம் நாள், ஆகஸ்டு 21-ஆம் தேதி, மோல்டி கிராமத்தருகே நிவாரணப் பணியிலிருந்த ஒரு ஹெலிகாப்டர், பள்ளத்தின் குறுக்கே கட்டப்பட்டிருந்த ஒரு கம்பி வடத்தில் சிக்கி நொறுங்கிற்று. அதிலிருந்த மூவரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்தவர். தம் சுற்றுப்புற ஜனங்களுக்கு உதவப் புறப்பட்டவர். அந்த வடம் மின்சாரத்துக்கென்று போட்டதன்று. மேலே தோட்டத்தில் பறித்த ஆப்பிள்களைப் பெட்டிகளில் அடைத்துக் கீழே லாரி நிற்கும் சாலைக்கு இறக்குவதற்காகக் குடியானவர்கள் கட்டிக்கொண்ட வடம் அது.

இச்செய்தியைப் படித்தபோது மனம் கலங்காதவர் இரார். ஆயினும் நம்மைத் திடுக்கிட வைத்தது இதற்கடுத்த செய்தியே. இரண்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, அதே மலைப் பகுதியில், டிகோச்சி என்னுமிடத்தில், நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற வேறொரு ஹெலிகாப்டருக்கு எதிரே அத்தகைய ஆப்பிள் வடம் ஒன்று குறுக்கிட்டது. விமானி அவசரமாகக் கீழே இறக்கினார். விமானிகள் காயங்களோடு உயிர் தப்பினர். முதல் விபத்தில் இறந்தவர்களைப் பற்றி நாம் பேசுங்கால் விதியை நொந்துகொள்ளலாம். இரண்டாவதைப் பற்றிப் பேசுங்கால் விதியை இழுப்பது கோழைத்தனமாகும். அந்தப் பள்ளங்களில் வடங்கள் இருக்கின்றன, அவை விமானிகளுக்குத் தெரிவதில்லை என்ற உண்மை மூன்று உயிர்களின் விலையில் நமக்குத் தெரிவிக்கப்பட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்ததல்லவா?

கதை இத்துடன் முடிந்திருந்தால் பழைய விஷயமென்று விட்டுவிடலாம். 2025-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி அதே உத்தரகாசி ஜில்லாவில், கங்கோத்ரி மார்க்கத்தில் கங்கனானிக்கு அருகே, யாத்ரிகர்களை ஏற்றிக்கொண்டு கர்சாலியிலிருந்து ஜாலாவுக்குச் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. ஏழு பேரில் ஆறு பேர் இறந்தனர். விமான விபத்து விசாரணை இலாகாவினர் வெளியிட்ட முதல் அறிக்கை கூறுவது இது: ஏறத்தாழ 24 நிமிஷம் குறித்த உயரத்தில் பறந்த பின் ஹெலிகாப்டர் தாழத் தொடங்கிற்று, கங்கோத்ரி சாலையின் மீதே இறக்க விமானி முயன்றார், அப்போது சாலைக்கு இணையாகத் தலைக்கு மேல் ஓடிய தகவல் தொடர்புக் கம்பியொன்றில் சுழலும் இறக்கை மோதிற்று, சாலையோரத்து இரும்புத் தடுப்புகளிலும் இடித்துச் சரிவில் உருண்டு, சுமார் 250 அடி கீழே ஒரு மரத்தில் தடைப்பட்டு நின்றது. அது வழக்கமான இறங்குதளமன்று. ஏதோ ஒரு நெருக்கடியில் அந்த விமானி கண்ணில் பட்ட சாலையை நம்பினார். சாலை இடங்கொடுத்தது, அதன் மேல் ஓடிய கம்பி இடங்கொடுக்கவில்லை.

ஒரே ஜில்லாவில் ஆறு வருஷத்துக்குள் மூன்று தடவை கம்பி குறுக்கிட்டிருக்கிறது. ஹெலிகாப்டர் விபத்து என்றவுடன் நம் நாட்டுத் தமிழர்களுக்கு 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூருக்கருகே நேர்ந்த பேரிழப்பே நினைவுக்கு வரும். அன்று மலைப் பள்ளத்தில் திடீரென்று சூழ்ந்த மேகத்துள் விமானம் புகுந்ததும், விமானிக்குத் திசையும் நிலையும் மயங்கியதும் காரணமென்று விமானப் படையினரின் விசாரணை கூறிற்று. ஆனால், கம்பிக்கு மேகத்தின் துணை தேவையில்லை. வெயில் பளீரென்று அடிக்கும் நிர்மலமான பகலிலும் அது தன்னை மறைத்துக்கொள்ள வல்லது.

ஹெலிகாப்டரின் பெருமையே அது தாழப் பறக்க வல்லது என்பதில்தான் இருக்கிறது. மற்ற விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். இதற்கு ஒரு களத்துமேடு போதும். அதுவுமில்லையேல் அந்தரத்தில் நின்று கயிற்றை விட்டு ஆளைத் தூக்கிக்கொள்ளும். யுத்த பூமியில் இது முதன்முதலாக மனித உயிரைக் காத்தது 1944 ஏப்ரலில், பர்மாக் காட்டில். அந்தச் சிறு யந்திரம் அஸ்ஸாமிலுள்ள லாலாகாட் விமானத் தளத்திலிருந்து புறப்பட்டுப் போயிற்று என்பது நம் வாசகர்கள் பலர் அறியாத செய்தியாயிருக்கலாம். அன்று தொட்டு வெள்ளத்திலும் பூகம்பத்திலும் இது செய்துவரும் உபகாரம் அளவிடற்கரியது. ஆனால் எந்தத் தாழ்வான உயரத்தில் அதன் உபகாரம் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் அதன் யமனும் இருக்கிறான்.

இதன் காரணத்தைச் சற்று விவரிப்போம். யந்திரம் நின்றுபோனாலும் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. அது கீழிறங்கும்போது அடியிலிருந்து எதிர்ப்படும் காற்று இறக்கையைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். அந்தச் சுழற்சியில் சேமிக்கப்பட்ட சக்தியைக் கடைசி நொடிகளில் செலவிட்டு விமானி மெல்லத் தரையில் வைத்துவிடலாம். ஆனால் அதற்கு உயரமாவது இருக்க வேண்டும், முன்வேகமாவது இருக்க வேண்டும். தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும் வேளையில் இரண்டும் இரா. ஒவ்வொரு வகை ஹெலிகாப்டருக்கும் எந்த உயரத்தில் எந்த வேகத்துக்குக் குறையலாகாது என்று கோடு போட்டுக் காட்டிய படம் ஒன்று உண்டு; அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டவனுக்கு மீட்சி அரிது என்பதால் மேனாட்டு விமானிகள் அதற்குச் செத்தவன் கோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூட்டையிறக்குவதும் ஆளைத் தூக்குவதும் மின்கம்பம் நடுவதும் அந்தக் கோட்டுக்குள் நின்று செய்யவேண்டிய வேலைகளே. மலையின் உயரத்தில் காற்றும் இலேசாகிவிடுவதால், சமவெளியில் இருக்கும் தூக்குசக்தி அங்கே இராது. ஆகவே கம்பியைக் கண்டவுடன் துள்ளி மேலேறிவிடலாமென்பது வெறும் எண்ணமே.

கண்டால்தானே ஏறுவதற்கு? கம்பி மனிதக் கண்ணுக்கு அகப்படாத வஸ்து. பல நூறு அடி தூரத்தில் ஒரு விரற்கனம்கூட இல்லாத உருக்கு வடம் பார்வையின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. புதுக் கம்பி வெயிலில் மினுங்கும். நாள்பட்ட கம்பியோ மங்கிப் பின்னாலிருக்கும் பாறையின் நிறத்தை அடைந்துவிடும். காலையில் கிழக்கிலிருந்து வரும்போது தெரிந்த கம்பி மாலையில் மேற்கிலிருந்து வரும்போது தெரிவதில்லை. சமவெளியில் கம்பத்தைக் கண்டு கம்பி உண்டென்று ஊகிப்பது விமானிகளின் பாலபாடம். மலை வடத்துக்குக் கம்பமேது? ஒரு கோடி இந்த மலையின் தேவதாருவுக்குப் பின்னே, மறு கோடி அந்த மலையின் பாறைக்குப் பின்னே. நடுவே ஆயிரக்கணக்கான அடி அகலமுள்ள பள்ளத்தில் வடம் அந்தரத்தில் தொங்குகிறது. தரையிலிருந்து ஐம்பதடியா ஐந்நூறடியா என்பதைப் பள்ளத்தின் ஆழந்தான் சொல்ல வேண்டும்.

விமானிகளை நன்றாகப் பழக்கிவிட்டால் போதும் என்று சொல்வோர் உண்டு. பழக்க வேண்டியதுதான், அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. கம்பியைக் கடக்க நேர்ந்தால் நடுவில் கடக்காமல் கம்பத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும், இறங்குமுன் உயரத்திலேயே ஒரு முறைக்கு இருமுறை வட்டமிட்டுப் பார்க்க வேண்டும் என்பனவெல்லாம் அநுபவசாலிகள் எழுதிவைத்த பாடங்கள். ஆனால் ஆஸ்திரேலிய விசாரணை இலாகாவினர் கண்டறிந்து வெளியிட்ட ஒரு விஷயத்தை இவர்கள் கவனிக்க வேண்டும். விவசாய வேலைக்காகத் தாழப் பறந்து கம்பியில் மோதிய விமானிகளைப் பற்றி அவர்கள் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 63 பேருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்னமே தெரிந்திருந்தது என்பது வெளியாயிற்று. தெரிந்தும் மோதினார்கள். வேலையின் மும்முரத்தில் மறந்தார்கள். அல்லது இந்தக் கம்பியைத் தப்பும் கவனத்தில் அந்தக் கம்பியை விட்டார்கள். தெரிந்த கம்பியே இப்படிக் கொல்லுமானால், முன்பின் அறியாத பள்ளத்தில், பசித்த ஜனங்கள் கீழே கையசைத்துக்கொண்டு நிற்கையில், எவரும் சொல்லாத கம்பி என்ன செய்யாது?

யந்திர சாதனங்கள் சில இருக்கின்றன. ஹெலிகாப்டரின் நெற்றியிலும் மோவாயிலும் கத்தரிபோன்ற கூரிய அலகுகளைப் பொருத்தி, எதிர்ப்படும் கம்பியை வெட்டிச் செல்லும்படி செய்யும் முறை கனடா தேசத்தில் பிறந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. பல உயிர்களையும் காத்திருக்கிறது. ஆனால் போதிய முன்வேகம் இருந்தால்தான் அது வெட்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கும், கம்பி சுழலிறக்கையிலோ வாலிலோ மாட்டிய ஹெலிகாப்டருக்கும் அதனால் பயனில்லை. கனத்த உருக்கு வடத்தை வெட்டுவதும் அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் கண்டு எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. ஆயினும் எந்த வடத்தைப் பற்றிய விவரம் அக்கருவியில் பதியப்படவில்லையோ அதைப் பற்றி அது வாய் திறவாது. ஆகச் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வந்து சேருகிறோம்: வடம் எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைத்தவர் யார்?

இங்கே குடியானவன் மேல் பழி போடுவது எளிது. 2019-இல் அப்படிச் சிலர் பேசவும் பேசினர். நாம் அதற்கு உடன்படோம். மலைமேலே தோட்டம், கீழே சாலை, நடுவே செங்குத்தான பள்ளம். ஆப்பிள் பறிக்கும் பருவமோ மழைப் பருவம். பழத்தை முதுகில் சுமந்து இறக்கினால் கூலி விலையை விழுங்கிவிடும். தாமதித்தால் பழம் அழுகிவிடும். சுதந்திரம் பெற்று எழுபது வருஷத்துக்கு மேலாகியும் தோட்டம் வரை ஒரு வண்டிப் பாதை எட்டாதபோது, அவன் தன் கைப்பணத்தைப் போட்டு ஒரு வடத்தைக் கட்டிக்கொண்டான். அது அவன் சாமர்த்தியம். அந்த வடம் ஆகாயத்தில் செல்வோருக்கு ஆபத்தென்று அவனிடம் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்களா? சொல்லியிருந்தால், அதில் தொங்கவிட நாலு சிவப்புப் பந்து கொடுத்தார்களா?

விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டடங்களும் கோபுரங்களும் எவ்வளவு உயரம் போகலாமென்பதற்கு 2015-ஆம் வருஷத்திலே விரிவான விதிகள் செய்யப்பட்டன. பட்டணத்தில் மாடி கட்டுவோர் அவ்விதிகளை நன்கறிவார்கள். ஆனால் அவை விமான நிலையங்களுக்கு அணித்தான இடங்களைக் காப்பவை. மலை நாட்டில் வெள்ளம் வந்த நாளில் எந்தக் களத்துமேடும் விமான நிலையமாகிவிடுகிறதே, அதற்கு என்ன காவல்? ஸ்விட்ஜர்லாந்து தேசத்திலும் இப்படிப்பட்ட மலைகளும் வடங்களும் உண்டு. அங்கே புல்லும் மரமும் இறக்கக் குடியானவர்கள் கட்டுகிறார்கள். ஆனால் அத்தகைய வடங்களை விமான இலாகாவுக்கு அறிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்பது அங்கே சட்டம். அந்தப் பதிவு விமானிகளின் கைக்குப் போய்ச் சேருகிறது. குடியானவனுக்கு வடமும் இருக்கிறது. விமானிக்கு உயிரும் இருக்கிறது.

பதிவு இருந்தும் அது உரியவர் கைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் ஓர் உதாரணம் உண்டு. 1998 பிப்ரவரி 3-ஆம் தேதி காவலேஸே என்ற ஊருக்கருகே, அநுமதித்த உயரத்துக்கு மிகவும் கீழே பறந்த ஓர் அமெரிக்கப் போர் விமானம், மலை உல்லாசிகளை ஏற்றிச் செல்லும் தொங்கு வண்டியின் வடத்தை அறுத்தது. வண்டியிலிருந்த இருபது பேரும் விழுந்து மாண்டனர். அந்த வடம் இத்தாலியரின் தேசப் படத்தில் இருந்தது. விமானிகள் வைத்திருந்த அமெரிக்கப் படத்தில் இல்லை. தாழப் பறந்த குற்றத்தை இது மன்னிக்காது. ஆனாலும் ஒரு காகிதத்தில் இருந்த கோடு மற்றொரு காகிதத்துக்கு ஏறாமற்போனதும் அந்த இருபது மரணங்களின் வரலாற்றில் ஒரு பகுதியாக நிற்கிறது.

நம் நாட்டில் இது எப்படி நடைபெற வேண்டுமென்று நாம் நினைக்கிறோமென்றால், பெரிய கமிட்டியோ கோடிக்கணக்கான செலவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு மலை ஜில்லாவிலும் கிராமக் கணக்கு வைக்கும் சிப்பந்தி இருக்கிறார். தம் எல்லைக்குள் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தச் சாலைக்கு வடம் போகிறதென்பது அவருக்குத் தெரியாத விஷயமன்று. மின்சார இலாகாவும் தந்திக் கம்பெனிகளும் தங்கள் கம்பிகளுக்குத் தாங்களே படம் வைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே படத்தில் ஏற்றி, ஜில்லா கலெக்டரின் மேஜையில் ஒன்றும், ஹெலிகாப்டர் புறப்படும் ஒவ்வொரு தளத்தில் ஒன்றும் வைத்து, வருஷத்துக்கொரு முறை திருத்தினால் போதும். பள்ளங்களைக் கடக்கும் வடங்களில் நிறப்பந்துகள் தொங்கவிடும் செலவை சர்க்காரே ஏற்க வேண்டும். பதிவு செய்ய வந்த குடியானவனை அபராதம் என்று பயமுறுத்தினால் அடுத்த வருஷம் ஒருவனும் வரமாட்டான் என்பதை அதிகாரிகள் மறக்கலாகாது.

விபத்து நேர்ந்த பின் மீண்டும் அதே இடத்துக்கு ஹெலிகாப்டர் அனுப்பும் உத்தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனங்கள் பட்டினி கிடக்கையில் பணியை நிறுத்துவதெப்படி என்று கேட்பது இயல்பு. நிறுத்தச் சொல்லவில்லை. அரை நாள் செலவிட்டு, அவ்வூர்ப் பெரியவர்களிடம் தொலைபேசியிலாவது வடங்கள் எங்கெங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஊருக்கு ஓரிடம் என்று இறங்குமிடங்களை வரையறுத்து, அங்கே வயர்லெஸ் கருவியோடு ஓர் ஆளை நிறுத்திய பிறகு அனுப்பலாம். கீழே இறக்க இடமில்லையென்றால் உயரத்திலிருந்து மூட்டையைப் போடலாம். கொஞ்சம் அரிசி சிந்தினால் சிந்தட்டும். இறங்கமுடியாதென்று திரும்பிவரும் விமானியை எந்த மேலதிகாரியும் ஏன் திரும்பினாய் என்று கேட்கக் கூடாது. நிவாரணத்தின் வேகத்தை மந்திரிகள் மணிக்கொருதரம் விசாரிக்கும் நாளில் அந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே விமானியின் காதில் ஒலிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இது ஏதோ இமயமலைக்காரர் கவலையென்று நம்மவர் இருந்துவிட வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடிச் சீமை வெள்ளத்திலும் ஹெலிகாப்டர்கள் வந்து வீடுகளின் மொட்டை மாடியிலிருந்து கர்ப்பிணிப் பெண்களைத் தூக்கிக் காத்ததை நாம் கண்ணாரக் கண்டோம்; மனமார வாழ்த்தினோம். நமது ஊர்த் தெருக்களில் மாடிக்கு மாடி மின்சாரக் கம்பியும் டெலிவிஷன் கம்பியும் துணி உலர்த்தும் கொடியும் பின்னிக் கிடப்பதை எண்ணிப் பார்த்தால், அந்த விமானிகள் எவ்வளவு நுட்பமாக வேலை செய்தார்கள் என்பது விளங்கும். அவர்களின் திறமையை மட்டுமே நம்பி அடுத்த வெள்ளத்தையும் கழித்துவிடலாமென்று நகரசபைகள் இருப்பது தகுமா? ஆற்றங்கரைத் தாழ்நிலப் பகுதிகளில் ஹெலிகாப்டர் இறங்கத்தக்க பள்ளிக்கூட மைதானம் எது, கம்பியில்லாத மாடி எது என்று இப்போதே குறித்து வைப்பதில் என்ன கஷ்டம்?

விமான விபத்துகளை விசாரிப்பதன் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பதன்று, அடுத்த விபத்தைத் தடுப்பதே என்பது சர்வதேச ஒப்பந்தத்தின்படி எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டது. நம் விசாரணை இலாகாவும் அப்படியே எழுதுகிறது. ஆனால் அறிக்கை டில்லியில் அச்சாகிறது. வடம் ஆராகோட்டில் தொங்குகிறது. அறிக்கையின் பிரதி ஒன்று ஹிந்தியில், எளிய வாசகத்தில், அந்த மலைக் கிராமங்களின் பஞ்சாயத்துகளுக்குப் போக வேண்டும். கலெக்டர் அதைப் படித்துக்காட்டி வடப் பதிவைத் தொடங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆப்பிளும் மழையும் ஒரே மாதத்தில் வருகின்றன. வரும் ஆகஸ்டு மாதத்துக்குள் உத்தரகாசி ஜில்லாவில் எத்தனை வடங்கள் படத்தில் ஏறின என்று ராஜ்ய சட்டசபை அங்கத்தினர் எவரேனும் எழுந்து கேட்பாராக. அந்த எண்ணிக்கையை அறிய நாமும் காத்திருக்கிறோம்.